அவருடைய நேரத்தில் நான் அனுப்பிய அலை

சில ஆண்டுகளுக்கு முன், பல்கலைக்கழகப் பணியிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது இது. மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கும் ஓரிடத்தில் கம்பங்கள் நட்டு, ஒவ்வொன்றிலும் வயர்லெஸ் கருவி பொருத்தினோம். தனியாக இப்படி ஒன்றை அமைக்க எந்தக் கல்லூரிக்கும் வசதி இல்லை. அதனால் எல்லா ஆய்வாளர்களுக்கும் பொதுவாக ஒரு சோதனைக்களம். கம்பம் தூக்கிய அன்று பேராசிரியர்களும், அந்தத் தோட்டத்தில் முன்பு குடியிருந்தவர்களும் கோத்தோங் ரோயோங் போட்டு, கூலியில்லாமல் கூடி உழைத்து, சேற்றில் ஒன்றாக நின்றோம். இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

வீட்டிலிருந்தே கணினி வழியாகக் களத்தை இயக்கலாம். ஆனால் முன்பதிவு செய்தவருக்கு மட்டுமே அந்த நேரம் சொந்தம். ஒருவர் அளக்கும்போது இன்னொருவர் அலை அனுப்பினால் அளவு கெட்டுவிடும். அந்த விதியை எழுதியவன் நான். பதிவில்லாமல் உள்ளே நுழையும் கடவுச்சொல்லும் என்னிடம் மட்டுமே இருந்தது.

தெலுக் இந்தான் ஊரைச் சேர்ந்த பெண் விரிவுரையாளர் ஒருவர், மழையில் செம்பனை ஓலைகளுக்கிடையே எவ்வளவு தகவல் தொலைகிறது என்று அளந்துகொண்டிருந்தார். அவருடைய முனைவர் பட்டமே அதை நம்பித்தான். அவருக்குரிய நேரத்தில் நான் பலமுறை நுழைந்து என் கருவி ஒன்றைச் சோதித்தேன். நாம் கட்டியதுதானே, கொஞ்ச நேரம்தானே என்ற நினைப்பு.

ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், மழையே இல்ல, வெயில் கொளுத்துது. ஆனா அனுப்புறதுல பாதி போய்ச் சேரலலா. என்னா கோளாறுன்னே தெரியல."

கோளாறு வந்ததாக அவர் சொன்ன நாளும் மணியும் எல்லாம் நான் நுழைந்த வேளைகள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும், "ஓலையில ஈரம் இருந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

களத்தைப் பயன்படுத்துவோரின் அடுத்த கூட்டத்தில், தன் முறையே தவறு என்று எண்ணி அந்த ஆய்வைக் கைவிடப்போவதாக அவர் சொன்னார். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னேன்.

"நான் மண்ட காஞ்சு தூக்கமில்லாம கெடந்தேன், நீங்க ஓலைமேல பழியப் போட்டீங்களா சார்? ஒரு வார்த்த கேட்டிருந்தா என் நேரத்தையே குடுத்திருப்பேன்லா!"

மழைக்குப் பேர்போன தைப்பிங்கிலிருந்து வந்த நண்பர் விடவில்லை. "எங்க தைப்பிங்குலகூட வெயில்ல இப்படி மழ பெய்யாது. சார் பெய்ய வச்சிட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். விரிவுரையாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேணாம் சார். அந்த பாஸ்வேர்ட அழிச்சிருங்க. உங்களுக்கும் க்யூதான்."

அங்கேயே அழித்தேன். அவர் முதலிலிருந்து மறுபடி அளந்தார். இம்முறை மழையில் மட்டுமே தகவல் தொலைந்தது. பட்டம் கிடைத்ததும் எனக்குத்தான் முதலில் அழைத்தார்.

இப்போது வெளிமாநிலங்களிலிருந்தும் ஆய்வாளர்கள் எங்கள் களத்துக்குப் பதிவு செய்கிறார்கள். நானும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறேன். அந்தப் பொய் இன்னமும் உறுத்துகிறது. ஆனால் நான் கட்டியவற்றில் கடவுச்சொல் போனபின் என் பேச்சைக் கேட்காத இந்தக் களத்தைத்தான், எங்களுடையது என்று தலைநிமிர்ந்து சொல்கிறேன்.