மாமா கம்பவுண்டர் ஆன கதை

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் உப்பி, பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்ட நாட்களில்தான் மாமா கம்பவுண்டர் ஆனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து டில்லிக்கு வந்து, கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸின் முன்னறையில் பாய் விரித்திருந்தார். எழுபதுகளின் கடைசி அது. இந்தியில் அவருக்கு 'அச்சா' மட்டும்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டே காய்கறி வாங்குவார், பஸ் ஏறுவார், தேவைப்பட்டால் சண்டையும் போடுவார்.

அம்மா நர்ஸ். நஜஃப்கர் தாண்டிக் கடுகு வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வேலை. விதிப்படி அங்கே டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர், பெருக்கித் துடைக்க ஒரு பெண் என்று ஆட்கள் இருக்க வேண்டும். டாக்டர் பல ஊர்களுக்குப் பொது. வாரத்தில் சில நாள் வந்து எட்டிப் பார்ப்பார். கம்பவுண்டர் மாற்றலாகிப் போய் ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் கடந்திருந்தன. அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஊசி போடுவது, கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது, பிள்ளைத்தாய்ச்சிகளை வீடு வீடாகப் போய் விசாரிப்பது எல்லாம் அம்மாவின் வேலை. மருந்து கலக்கிப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் கம்பவுண்டரின் வேலையும் இப்போது அவள் தலையில் விழுந்திருந்தது. வீடு திரும்ப இருட்டிவிடும். அம்மா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்து அப்படியே தூங்கிப்போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

இந்த லட்சணத்தில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அம்மா சமையலறையில் தனக்குத்தானே இந்தியில் பேசத் தொடங்கினாள். தாளிக்கும்போதும் பேசினாள், தலை வாரும்போதும் பேசினாள். ஆளில்லாமல் படும் பாட்டை அதிகாரியிடம் சொல்லி ஒரு கம்பவுண்டரைக் கேட்டு வாங்கப் போகிறாள், அதற்குத்தான் ஒத்திகை என்றார் அப்பா.

அதிகாரி வரும் நாளில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமாவை மட்டும் நம்பி என்னை வீட்டில் விட்டுப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. வீங்கிய கன்னத்தோடு என்னையும், என்னைப் பார்த்துக்கொள்ள மாமாவையும் அம்மா தன்னோடு அழைத்துப் போனாள். டாக்டருக்கு அன்று வேறு ஊர் முறை. சுகாதார நிலையம் பளபளவென்று இருந்தது. நான் மௌசி என்று கூப்பிட்ட துப்புரவுக்காரப் பெண் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கம்பவுண்டரின் நாற்காலிக்கு வந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த நாற்காலியும் மேஜையும் தூசியோடு அப்படியே இருக்கட்டும் என்றாள். வீட்டில் ஜன்னல் கம்பியைக்கூட விட்டுவைக்காதவள் இப்படிச் சொன்னது எனக்கு அதிசயமாக இருந்தது.

சற்று நேரத்தில், பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது என்று அம்மாவை அவசரமாக அழைத்துப் போனார்கள். அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் ஜீப் வந்தது.

மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரில் அவர் ஒரு சொசைட்டியில் தற்காலிகமாக வேலை பார்த்தவர். மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் காலி நாற்காலி கண்ணில் படக் கூடாது, பக்கத்துக் கடைக்காரரைப் பிடித்தாவது உட்கார வைத்துவிட வேண்டும் என்பது அங்கே பழக்கம். அக்கா வேறு இல்லை, நாற்காலி வேறு காலி. ஆணியில் தொங்கிய பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினார். கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். உட்கார்ந்துவிட்டார். மௌசி முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். எனக்குச் சிரித்தால் கன்னம் வலித்தது. அதையும் மீறிச் சிரித்தேன்.

அதிகாரி பெரிய உடம்புக்காரர். இந்தியில் ஏதேதோ கேட்டார். மாமா எழுந்து நின்று எல்லாவற்றுக்கும் "அச்சா ஜி" என்றார். அதிகாரிக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அம்மா மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றபோது, போகிற இடமெல்லாம் ஆளில்லை என்று அழுகிறார்கள், இங்கேதான் அவரவர் இடத்தில் அவரவர் இருக்கிறார்கள், கம்பவுண்டர் குறை சொல்லாத நல்ல மனிதர் என்று இந்தியில் பாராட்டினார். அம்மா மாமாவைப் பார்த்தாள். ஒத்திகை பார்த்த இந்தியை விட்டுவிட்டு அதிகாரியைக் கும்பிட்டாள். உண்மையைச் சொன்னால் தம்பியைப் போலீசில் பிடித்துக் கொடுப்பதாக ஆகிவிடும். ஜீப் புறப்பட்டுப் போயிற்று.

இரவு சாப்பிடும்போது மாமா நடந்ததை நடித்துக் காட்டினார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"அப்போ அந்த எடம் காலி இல்லன்னுல்லா ஆயிட்டு? இனிமே ஆள் கேட்டா, அதிகாரியே நேர்ல பாத்துட்டுப் போயிருக்காருன்னு சொல்லுவானே!"

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒனக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதேன்னுதாங்க்கா..." என்றார்.

"தெரியும்ல. சாப்பிடு" என்றாள் அம்மா.

மறுநாள் அம்மாவுக்கு முன்பே மாமா குளித்துக் கிளம்பித் தயாராக நின்றார். "நீ எங்கல வாரே?" என்று அம்மா கேட்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாக்கா" என்றார் மாமா. அந்தக் குளிர்காலம் முழுக்க அக்காவும் தம்பியும் சேர்ந்தே போய் வந்தார்கள். மருந்தைத் தொட மாமாவை அம்மா விடவில்லை. பாட்டில் கழுவினார், நோயாளிகளின் வரிசையை ஒழுங்கு பண்ணினார், பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கப் போகும் அம்மாவுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. அப்பா சேர்த்துவிட்ட டைப்ரைட்டிங் வகுப்புக்கு மாமா போவதில்லை. வேலைதான் கிடைத்துவிட்டதே, வகுப்பு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மாமாவுக்குச் சர்க்கார் வேலை என்று காலனி முழுக்கத் தண்டோரா போட்டவளும் நான்தான்.

மாமா அப்படிப் போகத் தொடங்கிய பிறகு முதல் தேதி ஒன்று வந்தது. அப்பா வழக்கம்போல ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். அம்மாவும் சம்பளம் வாங்கி வந்திருந்தாள். நான் மாமாவின் எதிரில் போய் நின்றேன்.

"மாமா, ஒங்க சம்பளத்துல எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?"

மாமா சிரித்தார். "அடுத்த மாசம் வரட்டும் தாயி. கண்ணு மூடித் தொறக்குத பெரிய பொம்மையா வாங்கிருவோம்."

அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். மாமாவின் சோற்றில் ஒரு கரண்டி நெய்யை விட்டாள். விட்டவள், இன்னொரு கரண்டியும் விட்டாள். என் தட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. சம்பாதிக்கிற ஆளுக்குத்தான் இந்த வீட்டில் நெய் போலிருக்கிறது என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.