ஆமென் சொல்ல வேண்டியவர்

அந்தத் தொடக்கப் பள்ளியில் பதினோரு வகுப்பறைகள். பத்து அறைகளிலிருந்து வருகிற இரைச்சலைக் கேட்டால் சந்தைக்கடை தோற்றுப்போகும். மாடிப்படி ஏறியதும் முதலில் வருகிற மூன்றாம் வகுப்பு மட்டும் அப்படியில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகள் இருந்தும் அங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார். பேசுகிற பிள்ளை எழுந்து நிற்கும், டீச்சரின் முகத்தை நேராகப் பார்க்கும், தொண்டையைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லும். மற்ற டீச்சர்களைக் கடிந்துகொள்ளும்போதெல்லாம் தலைமையாசிரியை, "மூணாம் வகுப்பைப் போய்ப் பாருங்க, ஒழுக்கம்னா அது" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

அந்த வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் 'எழுந்து சொல்லு டீச்சர்'. துணிக்கடையில் நின்று கால் வீங்கிக்கொண்டிருந்தவர், பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கென்று இந்தப் பள்ளிக்குள் நுழைந்தார். அந்த மூன்று மாதம் பத்தொன்பது வருடமாக நீண்டது. இடையில் பயிற்சி முடித்தார், லிப்ட் மெக்கானிக் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு பெண்ணைப் பெற்றுக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டார். மூன்றாம் வகுப்பை மட்டும் விடவில்லை. ஐந்தாம் வகுப்பு தருகிறோம் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தார்கள். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார்.

பள்ளி சபையினுடையது. தினமும் காலையில் ஜெபம், அதன்பின் நீதிபோதனை வகுப்பு. டீச்சர் வந்த முதல் வருடம் ஒரு பையன் மனப்பாட ஜெபத்தை ரயில் வேகத்தில் ஓட்டிக்கொண்டே பக்கத்துப் பையனின் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "இப்ப என்னடா சொன்ன, அர்த்தம் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது டீச்சர். மூச்சு விடாம சொன்னா நல்ல பிள்ளைன்னு சொல்வீங்கல்ல?" என்றான் அவன். அன்றோடு மனப்பாடத்துக்கு முழுக்குப் போட்டார்.

அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி தினம் ஒரு பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வேண்டும் என்று ஆனது. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். யாரும் சிரிக்கக் கூடாது. ஜெபத்தில் சொன்னது கடவுளுக்கு மட்டும்தான். வெளியே போய் அதைப் பற்றிப் பேசக் கூடாது. முடிந்ததும் டீச்சர் முதலில் 'ஆமென்' சொல்வார், பிறகுதான் வகுப்பு சொல்லும். "ஆமென்னா என்ன டீச்சர்?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். "நீ சொன்னது நிஜம், நானும் உன்கூட நிக்கறேன்னு அர்த்தம்" என்பார்.

அந்த வகுப்பில் கடவுள் கேட்காத விண்ணப்பமே கிடையாது. தம்பியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்லி ஒருத்தி கேட்டாள். படிக்கட்டில் இறங்கப் பயமாக இருக்கிறது என்று இந்த வருடம் ஒருவன் சொன்னான். மறுநாளிலிருந்து அவனுக்கு முன்னால் ஒருவனும் பின்னால் ஒருத்தியும் இறங்கினார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அன்று டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் செய்கிற வேலைக்கு அர்த்தம் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பிய நாட்களில் அது ஒன்று.

இனி அந்த ஒழுக்கத்தின் லட்சணத்துக்கு வருவோம். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது டீச்சரின் இடது காதைக் கையோடு கொண்டுபோய்விட்டது. வலது காதும் பாதிதான் மிச்சம். அதனால்தான் எழுந்து நில், முகத்தைப் பார், சத்தமாகச் சொல் என்பதெல்லாம். வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று தலைமையாசிரியை பெருமையடிப்பார். கேட்காத ஒரே ஆள் டீச்சர்தான்.

வீட்டுக்காரருக்கு மட்டும் விஷயம் தெரியும். "இந்தாம்மா, லிப்ட்ல சத்தம் வந்தா எண்ணெய் போடறோம். உனக்குச் சத்தமே வரல. அதுக்கும் ஒரு வைத்தியம் இருக்கும்ல? காதுமிஷின் ஒண்ணு வாங்கி மாட்டிக்கயேன்" என்று மாதம் ஒருமுறை சொல்லுவார்.

"மாட்டினா எல்லாருக்கும் தெரியுமேங்க. பாட்டு வாத்தியாருக்குத் தொண்டை போனதும் என்ன ஆச்சு? ஸ்டோர் ரூம்ல சாக்பீஸ் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கார். என்னையும் அங்க தள்ளிட்டா? என் பிள்ளைங்க?"

ஒவ்வொரு வருடமும் பள்ளியில் ஒரு உடல்நலப் படிவம் நிரப்பித் தர வேண்டும். இரண்டு வருடமாக அதில் 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதே கை கரும்பலகையில் 'உண்மை பேசு' என்றும் எழுதியது. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும். நீதிபோதனை அட்டவணையில் 'உண்மை' வருகிற வாரமெல்லாம் டீச்சருக்குத் தூக்கம் வராது.

இந்த வருடம் அந்த வாரத்திலேயே இடி விழுந்தது. பள்ளிக்குப் புதுத் தாளாளராகச் சபையின் இளம் போதகர் வந்திருந்தார். நீதிபோதனை எப்படி நடக்கிறதென்று அவர் நேரில் பார்க்க வேண்டுமாம். மாதிரி வகுப்பு எது? வேறு எது, மூன்றாம் வகுப்புதான். மற்ற டீச்சர்கள் ஆறு பேர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

போதகரோ தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் மாதிரி பேசுகிற மனிதர். அவர் வாயசைவதுதான் தெரியும். டீச்சர் முதல் வேலையாக 'உண்மை' பாடத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு 'நன்றி' பாடத்தை முன்னால் இழுத்தார். போதகரின் நாற்காலியைத் தன் வலது பக்கம் வரும்படி போட்டார்.

"அன்னைக்கு யார் ஜெபம்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"பதினெட்டாம் நம்பர், மேடம்."

"அந்த முன்பல் இல்லாத வாயாடியா? எதுக்கு வம்பு, எழுதிக் குடுத்துப் பழக்கிடுங்க."

"பதினேழு பேர் சொந்தமா சொல்லிட்டு, பதினெட்டாவதுக்கு எழுதிக் குடுத்தா அது நாடகம் மேடம். அவ வாயில வர்றதைச் சொல்லட்டும்."

பிள்ளைகளின் ஜெபத்தில் பொய் கலக்கக் கூடாது என்பதில் டீச்சர் அத்தனை கறார். தன் படிவத்தைப் பற்றி மட்டும் அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. பின்வரிசையில் ஆறு டீச்சர்களும் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை வாசலோரம் நின்றார். போதகர் வந்ததும் வலது பக்க நாற்காலியைப் பார்த்தார், சின்ன நாற்காலியில் பிள்ளைகளோடு உட்காருகிறேன் என்று சொல்லி இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்னது டீச்சருக்குக் கேட்கவில்லை. உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"கண்ணை மூடுங்க" என்றார் டீச்சர். பதினெட்டாம் நம்பர் எழுந்து நின்றாள், கை கூப்பினாள், வழக்கம்போலத் தொண்டையைத் திறந்தாள்.

"இயேசப்பா, எங்க பூனை திரும்பி வந்துடுச்சு, நன்றி. அப்புறம் எங்க டீச்சருக்கு இடது காது கேக்காது, வலது காது கொஞ்சந்தான் கேக்கும். அது உங்களுக்கே தெரியும். நாங்க யார்கிட்டயும் சொல்லல. நாலாம் வகுப்பு அண்ணன் அக்காங்களும் சொல்லல. இன்னைக்கு வந்திருக்கிற ஐயா ரொம்ப மெதுவா பேசறார். டீச்சர் மாட்டிக்கக் கூடாது. அவரை சத்தமா பேச வைங்க இயேசப்பா."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடும் என்பார்களே, அந்தக் கணக்குத்தான். எல்லோரும் கண்ணை மூடியாயிற்று, ஜெபத்தில் சொல்வது கடவுளுக்கு மட்டும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். அவள் யாரிடமும் சொல்லவில்லை, கடவுளிடம் மட்டும்தான் சொன்னாள். அதை எட்டுப் பெரியவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

டீச்சருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. இரண்டு வருடமாக அந்த வகுப்பு பழகிவைத்திருந்த குரல் அது, கேட்காமல் எப்படி இருக்கும்? தப்பிக்க ஒரு வழி இருந்தது. காது கேட்காதவருக்குக் கேட்காதது மாதிரி நடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? சிரித்த முகத்தோடு 'உட்காரும்மா' என்று சொல்லிப் பாடத்தை ஆரம்பித்துவிடலாம். குழந்தை ஏதோ உளறியது என்று பெரியவர்களிடம் பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆமென் பாக்கி இருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார்கள். டீச்சர் சொல்லாமல் அவர்கள் சொல்ல மாட்டார்கள், கண்ணையும் திறக்க மாட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பெண் சொன்னது பொய் என்றாகும். சொல்லிவிட்டால் தன் கையெழுத்து பொய் என்றாகும். இரண்டில் ஒன்று இப்போதே தெரிந்தாக வேண்டும்.

"ஆமென்" என்றார் டீச்சர்.

"ஆமென்" என்றது வகுப்பு, கூரை இடிகிற மாதிரி.

டீச்சர் போதகரின் பக்கம் முழுதாகத் திரும்பினார். "அவ சொன்னது அத்தனையும் நிஜம் ஐயா. நான்தான் மறைச்சுட்டேன். ரெண்டு வருஷமா படிவத்துல பொய் எழுதிக் குடுத்திருக்கேன்."

போதகர் சின்ன நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் சிவந்துவிட்டது. எந்தச் சபையிலும் எடுக்காத குரலை எடுத்து, "பரவாயில்ல டீச்சர்! பாடத்தை நடத்துங்க!" என்று கத்தினார்.

பதினெட்டாம் நம்பர் பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தாள். "பாத்தியா? உடனே கேட்டுட்டார்!"

டீச்சர் கரும்பலகையில் இருந்த 'நன்றி'யை அழிக்கவில்லை. ஆனால் அன்று நடத்தியது உண்மையைப் பற்றித்தான். தன் கதையையே எடுத்துக்கொண்டு, எதற்குப் பயந்தேன், பயத்தில் என்ன செய்தேன் என்று மூன்றாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பின்வரிசையில் யாரும் நோட்டில் எதுவும் எழுதவில்லை.

மதியம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று துணிந்து போனார். தலைமையாசிரியை பழைய படிவங்கள் இரண்டையும் மேசைமேல் வைத்திருந்தார்.

"காது போனதுக்கு இங்க யாரையும் தூக்க மாட்டோம். பொய் எழுதினதுக்குத் தூக்கலாம். தெரியுமா?"

"தெரியும் மேடம். பாட்டு வாத்தியார் மாதிரி ஸ்டோர் ரூம் குடுத்தாக்கூட..."

"அவரை யார் அனுப்பினது? அவரே நாலு வருஷமா, பிள்ளைங்க சத்தம் தாங்கல, அமைதியா ஒரு மூலை குடுங்கன்னு என் உயிரை வாங்கினார். ஸ்டோர் ரூம் சாவியைக் குடுத்த அன்னைக்கு எனக்கு இனிப்பு வாங்கிட்டு வந்தார்!"

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு வருடம் தூக்கத்தைத் தின்ற பயத்துக்கு இதுதானா அஸ்திவாரம்! புதுப் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஒரு மாசத்துல மிஷின் மாட்டிட்டு வாங்க. உங்க வகுப்பு உங்களுக்குத்தான்" என்றார் தலைமையாசிரியை. பொய்க்குத் தண்டனையாக ஒரு கண்டிப்புக் கடிதமும் கோப்பில் ஏறியது. டீச்சர் அதையும் மனநிறைவோடுதான் வாங்கிக்கொண்டார். படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

கீழே குழாயடியில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. பதினெட்டாம் நம்பரைப் பத்துப் பேர் சூழ்ந்திருந்தார்கள்.

"போட்டுக் குடுத்துட்டல்ல!"

"நான் கடவுள்கிட்டதானே சொன்னேன்!" என்று அழுதாள் அவள்.

டீச்சர் இறங்கிப் போய் அவள் தோளில் கை வைத்தார். "அவ சரியான இடத்துலதான் சொன்னா. நான்தான் ரெண்டு வருஷமா அங்ககூடச் சொல்லல." பிறகு சந்தேகம் வந்து கேட்டார். "சரி, உங்களுக்கெல்லாம் யார் சொன்னது?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் படிக்கட்டுப் பயக்காரன்தான் வாயைத் திறந்தான். போன வருடப் பிள்ளைகள் நாலாம் வகுப்புக்குப் போகும்போது இவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இடது பக்கம் நின்று பேசாதே. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசாதே. டீச்சருக்குத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. வேறு யாருக்கும் சொல்லாதே.

தன் கண்டிப்பால் வந்த ஒழுக்கம் என்றல்லவா டீச்சர் இத்தனை நாள் நினைத்திருந்தார்? அது கண்டிப்பே இல்லை. எட்டு வயசுப் பிள்ளைகள் வகுப்பு விட்டு வகுப்பு கைமாற்றிக் கொடுத்த அன்பு. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"அப்போ இனிமே நான் வீட்ல முணுமுணுக்க முடியாதா?" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் விடுப்புப் போட்டு காது டாக்டரிடம் கூட்டிப்போனது அவர்தான்.

மிஷின் மாட்டிய முதல் நாள் டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் திகைத்துப்போனார். மின்விசிறி இத்தனை கிறீச்சிடுமா? மூன்றாவது பெஞ்சில் யாரோ எதையோ நறநறவென்று மென்றுகொண்டிருந்தார்கள். "இனிமே யாரும் எழுந்து நிக்க வேண்டாம். உக்காந்த இடத்துலேர்ந்தே சொல்லுங்க" என்றார்.

யாரும் நம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இடது பக்கக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "டீச்சர், உங்க தோள்ல சாக்பீஸ் தூள்" என்றான், மெல்ல.

டீச்சர் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கிவைத்த பேச்சு மொத்தமும் ஒரே சமயத்தில் கொட்டியது. நாற்பத்திரண்டு பேரும் பேசினார்கள், டீச்சரிடமும், ஒருவருக்கொருவரும், சுவரிடமும். மற்ற பத்து வகுப்புகளும் அன்று வாயடைத்து நின்றன.

தலைமையாசிரியை மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "என்ன டீச்சர் இது! ஆபீஸ் வரைக்கும் சத்தம்! உங்களுக்குக் காது..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கேக்குது மேடம். கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்குது" என்றார் டீச்சர். "இன்னும் ரெண்டு நிமிஷம் குடுங்க. அப்புறம் அடக்கிடறேன்."