அப்பா ரதியாக நிற்கும் நாணயம்

மலையகக் கூத்துகளைச் சிறப்பித்து நினைவு நாணயம் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும், பதுளையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வரிசையில் நின்று வாங்கினேன். பஸ்ஸிலேயே பெட்டியைத் திறந்தேன். பொன்னிறத்தில் காமனும் ரதியும் நின்றார்கள். அந்த ரதி சாட்சாத் எங்கள் அப்பா.

நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ஆடுவது ஆண்கள்தான். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ரதி வேஷம் அப்பாவுக்கு, காமன் வேஷம் அம்மாவின் அண்ணனுக்கு. மாசியில் இருவரும் புருஷன் பெண்சாதியாகத் திரிவார்கள். மற்ற மாதங்களில் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுவார்கள். கொழும்பிலிருந்து கேமராவோடு வந்த சிலர் ஒரு வருஷம் நிறையப் படம் எடுத்துப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் நாணயத்தில் வரைந்திருக்க வேண்டும்.

ஆனால் நாணயத்தில் காமனின் முகத்தை வில் மறைத்துவிட்டது. மாமாவுக்கு அதில் வயிற்றெரிச்சல்.

"இது மாப்ள இல்ல. இந்த மூக்கும் முழியும் யாரோ அப்புத்தளைக்காரி மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டார். கூத்து வாத்தியாரும் அவர்தான். அவர் ஒப்புக்கொள்ளாததை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மாமாமேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அம்மாவுக்கு இந்த வழக்கெல்லாம் பொருட்டே இல்லை. ரதி என்றால் அம்மன். நாணயத்தைச் சாமித் தட்டில் வைத்துப் பொட்டிட்டுக் கும்பிட்டாள். அதே வாயால் அப்பாவை விறகு பிளக்காததற்குத் திட்டினாள்.

அப்பா நச்சரித்து நச்சரித்து, இந்த மாசியில் காமன் கம்பம் ஊன்றிக் கூத்தைத் தொடங்கும் நாளன்று கூத்துக்காரர்கள் முன்னால் முடிவாகச் சொல்வதாக மாமா சம்மதித்தார். அன்று எல்லோரும் எங்கள் வாசலில் கூடினார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாணயத்தை எடுத்துப் பொட்டைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

ரதிக்கு முகமே இல்லை. வழவழவென்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை சாமி சாமான வெளக்காம வைக்க முடியுமா? வாராவாரம் குத்துவெளக்கோட சேத்து, காஞ்ச பொட்டு போற வரைக்கும் புளியும் சாம்பலும் போட்டு அழுத்தித் தேச்சேன்" என்றாள் அம்மா.

"அது சாமி இல்லடி, நான்!" என்று அப்பா அலறினார்.

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏங்க வெளக்கப் போறேன்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அப்பா முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். மனிதர் அழுதுவிடுவார்போல் இருந்தார்.

மாமா நாணயத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முதல் தடவை மூக்கையும் கண்ணையும் பார்த்தவருக்கு இப்போது பார்க்க உடம்பு மட்டும்தான் இருந்தது. இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தல ஒரு பக்கமா சாஞ்சிருக்கே. கை பின்னால போயிருக்கே" என்றார். "சவுரிமுடி விழுந்துருமோன்னு ஆட்டத்துக்கு நடுவுல புடிச்சிக்கிட்டு நிக்கிற பயந்தாங்கொள்ளி ஒன்ன விட்டா எவன் இருக்கான்? எத்தன வருசமா கத்துறேன், அந்தக் கைய எடுன்னு! காசுலயும் எடுக்கலியே, மாப்ள!"

திட்டுத்தான். ஆனால் லயமே கேட்கும்படி சொன்ன திட்டு. அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கத்தில் அப்போதும் அவர் கை பிடரிக்குத்தான் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா குத்துவிளக்கு, மணி, செம்பு எல்லாவற்றையும் விளக்கி வெயிலில் கவிழ்த்தாள். நாணயம் மட்டும் தட்டிலேயே இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"கட்டுன புருசன் மூஞ்சில சாம்பலத் தேக்கவா சொல்ற?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.