துரைமாருக்கு முகம் வைத்த காலம்

படம் கீறுகிறவனுக்கு உயிரோடு இருப்பவர்களின் முகத்தைவிடச் செத்தவர்களின் முகம்தான் பெரிய தலையிடி. ஒரே ஆளை ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒவ்வொரு மாதிரி மனதில் வைத்திருப்பார்கள், கண்ணால் கண்டிராத ஆளாக இருந்தாலும். இந்தத் தொழிலில் கை சுட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பக்கத்தில் வந்து இருங்கள்.

நான் மட்டக்களப்பு டவுனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவன். தியேட்டருக்குத் தட்டி கீறினேன், கோயில்களுக்குச் சாமி கீறினேன். சண்டை மூண்டதும் தியேட்டரைப் பூட்டினார்கள். புதுக்கடை திறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த நேரம்தான் டவுனில் இருந்த பறங்கியர் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படத் தொடங்கின. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் வந்த காலத்தில் இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழி அவர்கள். வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு முன்னோர் தொங்குவார். சிலரைக் கறையான் தின்றிருக்கும். சிலரை நாலு பிள்ளைகள் பங்கு கேட்பார்கள். பிரதி கீற ஓர் ஆள் தேவைப்பட்டது. ஊரில் மிஞ்சியிருந்தது நான்.

முதல் ஒல்லாந்தர்

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற கிளாக்கர் ஒருவர். தீப்பெட்டி அளவில், மங்கிப்போன ஒரு படம் வைத்திருந்தார். அதில் தொப்பி இருப்பது தெரிந்தது. தொப்பிக்குக் கீழே ஆள் இருப்பதை நாங்களாக ஊகிக்க வேண்டும். கோட்டைக்குக் காவலாக வந்த ஒல்லாந்த அதிகாரி என்றும், தன் பூட்டனுக்குப் பூட்டன் என்றும், கையில் வாள் கட்டாயம் வேண்டும் என்றும் சொன்னார்.

மூன்று கிழமை மினக்கெட்டேன். நீலக்கண், பொன்னிற முடி, பளபளவென்று வாள். இதுவரை சாமியையும் சினிமாக் கதாநாயகர்களையும் மட்டுமே கீறிய கை என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. கன்னம் ரோசா நிறத்தில் வந்துவிட்டது. உதட்டில் ஒரு புன்சிரிப்பு. வாளைத் தோளில் சாய்த்து, ஒரு காலைக் கொஞ்சம் மடித்து நின்றார். பெரியவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு என் மனம் நோகக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, படம் வடிவாத்தான் இருக்கு. ஆனா எங்கட பூட்டன் வேதக்காரன். இவரைப் பார்த்தா மண்டூர் முருகன் கோயிலுக்குப் போறதுக்கு மயிலைத் தேடுற மாதிரிக் கிடக்கு.”

கோடாலி பிடித்த துரை

வாகரைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டம். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை வந்து காட்டை வெட்டி உண்டாக்கியதாம். பங்களாச் சுவரில் அவருடைய படம் பூஞ்சணம் பிடித்து இருந்தது. தோட்டத்து மனேச்சர் அதைத் துப்புரவாக்கித் தரும்படி கேட்டார். நான் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன். பூஞ்சணம் போயிற்று. அதோடு துரையின் வாயும் நாடியும் போயின. பதற்றத்தை வெளியே காட்டாமல், “ஐயா, இதைப் புதிசாவே கீறினால்தான் சரி” என்றேன். மனேச்சர் சந்தோசப்பட்டு, துரை தன் கையாலேயே காடு வெட்டுவது போலக் கீறச் சொன்னார்.

படத்தை மாட்டிய அன்று தோட்டத்துக் கங்காணி கந்தப்பர் பார்க்க வந்தார். அந்தக் காட்டை உண்மையில் வெட்டியது அவருடைய அப்பப்பாவும் கரடியனாற்றுப் பக்கமிருந்து வந்த கூலியாட்களும். பாதிப்பேர் காய்ச்சலில் அங்கேயே போய்ச்சேர்ந்தார்களாம். இதை அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்களையும் பின்னால் சேர்த்துக் கீறட்டுமா என்று கேட்டேன். கந்தப்பர் துரையின் கையைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

“அது இருக்கட்டும் தம்பி. முதல்ல இந்தக் கோடாலியைத் திருப்பிக் குடுங்க. இவர் பிடிச்சிருக்கிற மாதிரி வெட்டினா மரம் விழாது, துரையிர காலுதான் விழும்.”

சென்றியில் துரை

கோடாலியைத் திருத்தி, பின்னால் பத்து ஆட்களையும் கீறி, படத்தைத் திரும்ப வாகரைக்குக் கொண்டுபோனேன். வழியில் ஆமியின் சென்றி, சோதனைச்சாவடி. எல்லாரும் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்கவேண்டும். என் படத்தைச் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்த இளம் ஆமிக்காரர் திடுக்கிட்டுப் போனார். தாடி வைத்த ஓர் ஆள், கையில் கோடாலி, பின்னால் பத்துப் பேர், அதுவும் காட்டுக்குள்.

ஆர் இது என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் “பெரிய துரை” என்றேன். அது அவருக்கு இயக்கத்துப் பெரியவர் என்று விளங்கியிருக்க வேண்டும், துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். இப்போது எங்கே இருக்கிறான் என்றார். செத்துவிட்டார் என்றேன். யார் சுட்டது என்றார். காய்ச்சல் என்றேன். பஸ்ஸில் வந்தவர்கள் என்னைத் தெரியாதவர்கள் போல வானத்தைப் பார்த்தார்கள். கடைசியில் வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். அன்று நான் இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றதும், துரை மட்டும் பஸ்ஸில் ஏறி வாகரைக்குப் போனதும் அவர் உடைந்த தமிழில் சொன்ன தீர்ப்பினால்தான்:

“வெள்ளைக்காரன் போகலாம். நீ நில்லு.”

மாறுகண்

அக்காவும் தங்கச்சியும் ஒரு பூட்டியின் படத்துக்குச் சண்டை பிடித்தார்கள். அக்கா மெல்பேர்ணுக்குப் போகிறா, தங்கச்சி இங்கே நிற்கிறா. அக்காவுக்கு ஒரு பிரதி கீறினேன். பூட்டிக்கு லேசாக மாறுகண். பாவம், நூறு வருசத்துக்குப் பிறகாவது நேராகப் பார்க்கட்டுமே என்று இரக்கப்பட்டுக் கண்ணை நேராக்கிவிட்டேன். அக்கா படத்தைப் பார்த்தா. அவவின் ஒரு கண் படத்திலும் மற்றது என்னிலும் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“இதை ஆரெண்டு அங்க சொல்லுற மனே? எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இப்பிடிக் கண் இல்லையே!”

போர்த்துக்கீசனின் மூக்கு

பிலோமினா அன்ரியின் வீட்டில் முன்னோர் படமே இல்லை. கணவன் தச்சுவேலை செய்தவர், செத்துப்போனார். மகன் டெரன்ஸும் தச்சன். “போற ஆக்களெல்லாம் ஒரு படத்தைக் கொண்டு போறாங்க. நாங்க போகமாட்டம். ஆனா எங்களுக்கும் ஒரு போர்த்துக்கீசன் சுவரில இருக்கட்டுமே” என்றா. டெரன்ஸை இருத்தி வைத்து, வேதக்கோயில் நாடகப் பெட்டியிலிருந்து எடுத்த இறகுத் தொப்பியைப் போட்டுவிட்டு, தாடியும் சேர்த்துக் கீறினேன். கப்பல் ஓட்டியவனுக்கு இந்த மூக்குக் காணாது என்று அரை அங்குலம் நீட்டியும் விட்டேன்.

சில மாதம் போக, ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் டெரன்ஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்ரி முகாம் முகாமாக ஏறி இறங்கினா. எல்லா இடத்திலும் போட்டோ கேட்டார்கள். முந்தி ஒருமுறை இடம்பெயர்ந்து ஓடியதில் வீட்டுப் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. அடையாள அட்டை அவனோடேயே போய்விட்டது. மிஞ்சியது என் படம். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, “தொப்பியையும் தாடியையும் எடுத்துவிடுங்க மனே” என்றா.

டர்பன்டைனும் துணியுமாக இருந்தேன். அவ்வளவு காலம் கையில் வந்த முகத்தையெல்லாம் கீறிய எனக்கு, என் படம் ஓர் ஆளைப்போல இருக்கவேண்டும் என்று உண்மையாக ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். தொப்பி போயிற்று, தாடி போயிற்று. மூக்கைக் குறுக்கப் போனேன். அன்ரி என் கையைப் பிடித்தா. “மூக்கைத் தொடாதீங்க. கண் அவன்ட கண்தான். அது போதும்.”

படத்தைத் தலைகீழாகப் பிடித்துவிடுவேனோ என்ற பயத்தோடு அவவுக்குப் பின்னால் நானும் போனேன். முதல் வாசலில் இல்லை என்றார்கள். இரண்டாவதில் பார்க்கவே இல்லை. மூன்றாவது முகாமில் காவலுக்கு நின்றவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதிரை திருத்துகிற பெடியன்தானே என்று சிங்களத்தில் கேட்டார். அன்ரி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. உள்ளே உடைந்த மேசை கதிரையெல்லாம் அவனைக்கொண்டு திருத்துவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் நாலு நாள் வாசலில் காத்திருந்துதான் கூட்டி வந்தா. மெலிந்துபோய், முதுகில் காயத்தோடு வந்தான்.

ஒரு கிழமை அவன் ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது சுவரில் இருந்த படத்தின் முன்னால் நின்றான். தொப்பி இருந்த இடத்தில் வெளிறிய வட்டம், கழுத்தில் இன்னும் போர்த்துக்கீசக் கொலர், நடுவில் அந்த மூக்கு. தன் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டு வாய் திறந்தான். சமையலறையில் நின்ற அன்ரி அவன் குரலைக் கேட்டு ஓடிவந்து நிலையைப் பிடித்தபடி அழுதுகொண்டே சிரித்தா.

“இதைக் காட்டியா அண்ணன் என்னைத் தேடினீங்க? அப்ப அவனுகள் பிழையான ஆளைத்தான் விட்டிருக்கிறானுகள்.”

வெள்ளைக்காரர் எங்கள் ஊருக்குச் செய்ததைச் சரித்திரக்காரர்கள் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். நான் வெள்ளைக்காரருக்குச் செய்ததை எழுத இன்றுவரை ஒருவரும் வராதபடியால் நானே எழுதிவைக்க வேண்டியதாயிற்று.