பிரசங்க நோட்டு

பேய்க்கதைகளில் எனக்குப் பிடித்தது பேய் அல்ல. ஒரு பெரிய வீட்டில் ஒருத்தி தனியாக இருப்பாள். அவளுக்கென்று ஓர் அறை, அதற்கு ஒரு தாழ்ப்பாள். அதற்கப்புறம்தான் பேய் வரும். வந்துவிட்டுப் போகட்டுமே, அறை கிடைத்ததே என்று எனக்குத் தோன்றும்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கல்யாணமாகி வந்தபோது, என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருபது பேய்க்கதைப் புத்தகங்கள் இருந்தன. வந்த வீட்டில் இரண்டு அறை, ஆறு பேர். மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குடும்ப ஜெபத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஒரே மாதத்தில் புத்தகங்களைக் கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. "இதையெல்லாம் வீட்டுக்குள்ள வச்சா பிசாசுக்கு வாசலைத் தொறந்து விட்ட மாதிரி தாயி," என்றார். சாயங்காலத்துக்குள் இருபதும் பழைய பேப்பர்காரரின் வண்டியில் ஏறிவிட்டன.

வாசிக்க முடியாது என்று ஆனபிறகுதான் எழுதும் ஆசை பிடித்துக்கொண்டது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எழுத்து பழக்கமாகிவிடும் என்று போனில் எங்கோ படித்தேன். அதைச் சொன்ன புண்ணியவானுக்கு வீட்டு வேலை கிடையாது போல. காலையில் உட்கார்ந்தால் ஒருவருக்குக் காப்பி வேண்டும். மத்தியானம் உட்கார்ந்தால் இன்னொருவருக்கு மூக்குக் கண்ணாடி காணாமல் போயிருக்கும். நான் பேனாவை எடுத்தாலே என் வீட்டுக்காரர், "என்ன, கடைக்கு லிஸ்ட்டா? தேங்காயும் சேத்துக்கோ" என்பார்.

வழி கோயிலில் கிடைத்தது. எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச்சும் கோயில்தான், போதகரும் ஐயர்தான். ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் பெண்கள் பக்கத்தில் பாதிப் பேர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறிப்பெழுதுவார்கள். எழுதுகிறவளை யாரும் தொட்டுக் கூப்பிட மாட்டார்கள். அவள் பிள்ளை அழுதால்கூடப் பக்கத்தில் இருப்பவள் வாங்கிக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு நோட்டைக் கொண்டுபோனேன். மேலே தேதியும் வசனமும் எழுதினேன். கீழே, சுவருக்குள்ளிருந்து தட்டும் சத்தத்தைக் கேட்கிற ஒருத்தியின் கதையை ஆரம்பித்தேன்.

நாற்பது நிமிடம். அந்த வாரத்தில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான். அது போதாமல் புதன்கிழமை பெண்கள் கூட்டத்துக்கும், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போகத் தொடங்கினேன். விசுவாசத்தில் நான் அரைகுறை. ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. ஐயர் என்னைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். ஒருத்தியை உயிரோடு புதைக்கிற இடத்தை எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து அவருக்கும் குரல் தழுதழுத்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது. பிறகு மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்தும் எழுந்து நடக்கவில்லை. கண்ணில் புரை வேறு. படுக்கையில் விழுந்தபின் வந்த முதல் ஞாயிறு, நான் கோயில் விட்டு வந்து சேலைகூட மாற்றவில்லை, "தாயி, நோட்டைக் கொண்டா. இன்னைக்கு ஐயர் என்ன சொன்னாருன்னு வாசி," என்றார்.

நோட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு பிணம் பாழுங்கிணற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. பிணம் என்ற இடத்திலெல்லாம் பாவி என்று மாற்றி வாசித்தேன். பாவி ஒவ்வொரு படியாக ஏறினான், பாசியில் வழுக்கினான், மேலே வட்டமாகத் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து அழுதான். மாமா கண்ணை மூடிக் கேட்டார். "எத்தனாவது படியில வழுக்குனான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாலாவது என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இதே பாடு. வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நிஜப் பிரசங்கத்தைக் கேட்கிறவர்தான். ஆனால் ஆராதனை முடிந்ததும் மேலப்பாளையத்துக்குக் கறி வாங்கப் போய்விடுவார், அவர் திரும்புவதற்குள் நான் வாசித்து முடித்துவிடுவேன். ஒரு வாரம் கடையில் கூட்டமில்லை போல. நிமிர்ந்து பார்த்தால் கறிப்பையோடு வாசலில் நிற்கிறார்.

அடுப்படிக்கு வந்து, "ஐயர் பேசினது பொறுமையைப் பத்தி. நீ என்னத்தச் சொல்லுத?" என்றவர், நோட்டை வாங்கி நின்றபடியே நாலு பக்கம் வாசித்தார்.

"கோயில்ல உக்காந்தா இத எழுதுத?"

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா உசுரு போயிரும். இனிம அம்மா கோயிலுக்கு வரட்டும், நீ அப்பாகூட இரு. குறிப்பு நான் எடுத்துட்டு வாரேன்."

நோட்டு பீரோவுக்குள் போனது. சாவி அவர் சட்டைப்பையில். ஞாயிறு, புதன், வெள்ளி மூன்றும் போயின.

எல்லாரும் கோயிலுக்குப் போன வீடுதானே, அப்போது எழுதலாமே என்று கேட்கலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் "தாயி" என்று குரல் வரும். தண்ணீர் கேட்பார், தலையணையைச் சரிசெய்யச் சொல்வார், புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வார். மூன்று வாரம் நான் மூச்சுமுட்டிக் கிடந்தேன். இவர் போய்த் தொலைந்தால்தான் என்ன என்று ஒரு தரம் மனதார நினைத்தேன். நினைத்ததற்காக வருத்தப்படவும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு, மகன் வாசித்த ஐந்து வரிக் குறிப்பைக் கேட்டுவிட்டு மாமா, "போதும்லே, நீ போ," என்று அவரை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் கொண்டு வாரதுல ஒண்ணுமில்ல தாயி. இங்கன கெடந்து ஃபேனையே பாத்துட்டு இருக்கேன். அடுத்த வாரம் நீயே போ, அவன்கிட்ட நான் சொல்லுதேன்." என் பக்கம் தலையைத் திருப்பினார். "எத்தனையோ ஐயருமாரைக் கேட்டிருக்கேன். நீ சொல்லுத மாதிரி ஒருத்தருக்கும் பேச வராது. எனக்கு அதுதான் வேணும்."

அது பிரசங்கம் இல்லை என்று தெரிந்துதான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது சந்தோஷத்தில் வந்த அழுகை இல்லை. படுக்கையிலிருந்து அவரால் போக முடிந்த ஒரே இடம் என் நோட்டுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இனி அவரிடம் முடியாது என்று சொல்லவும் முடியாது.

அடுத்த ஞாயிறு காலை வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். என் பழைய பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐயர் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதே நாற்பது நிமிடம், யாரும் கூப்பிடவில்லை. எனக்கான கதையை எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். எனக்கு முன்னாலேயே மாமா அதில் வந்து உட்கார்ந்திருந்தார்.