என் திக்கலுக்குத் தங்கச்சி முகம்

எனக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரியும். எங்கள் ஊர் நெரவிக்குப் போகும் பஸ்ஸைக்கூட நிறம் பார்த்துத்தான் ஏறுவேன். என் தங்கச்சி எதையும் மளமளவென்று படித்துவிடுவாள்.

வாசிக்கச் சிரமப்படுகிறவர்களை ஆராய வந்த மேடம், மூன்று நாள் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வரியில் என் கண் எங்கெங்கே தடுமாறுகிறது என்று பதிவு செய்தார். அதையே குறும்படமாக எடுக்கும்போது மட்டும், "உங்க தங்கச்சிக்குத்தான் கேமராவுக்கேத்த முகம். அவங்களே நடிக்கட்டுங்க" என்றார். எப்படித் திக்குவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

காரைக்காலில் படம் போட்டார்கள். திரையில் தங்கச்சி விரல் வைத்துப் படித்து, நீளமான வார்த்தைகளில் அழகாகத் திக்கினாள். நான் சொல்லிக்கொடுத்தது அப்படியில்லை. நீளமானதை நான் எப்படியோ ஊகித்துவிடுவேன். 'அது', 'எது' மாதிரிப் பொடி வார்த்தைகள்தான் என் உயிரை வாங்கும். யாருக்குத் தெரிந்தது? எல்லாரும் கைதட்டினார்கள்.

பக்கத்தில் அம்மா, "பாவம், படிக்க முடியாம எவ்வளவு தவிக்குது புள்ள" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சின்ன வயசில் நான் திக்கிய ஒவ்வொரு வரிக்கும் என் தொடையைக் கிள்ளியது முந்தானையைப் பிடித்திருந்த அந்த விரல்கள்தான்.