சாமிக்குப் பூ வைக்காத கோடை

அதை முதலில் கண்டவள் என் மகள். நான் லண்டன் மோர்டனில் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அசையாதேங்கோ."

வேலியில் ஏறியிருந்த மல்லிகைக்கு முன்னால், பெருவிரல் அளவில் ஏதோ ஒன்று அந்தரத்தில் நின்றது. சிறகுகள் தெரியவில்லை. அவை இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒரு மங்கல் மட்டும் இருந்தது. ஊசி போன்ற நீண்ட அலகைப் பூவுக்குள் விட்டு எடுத்தது, பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பூவுக்குப் போனது, ஒருமுறை பின்பக்கமாகவும் பறந்தது. கிட்ட நின்றதால் ரீங்காரம் கேட்டது. நான் கையிலிருந்த ஈரச் சட்டையைக் கொடியில் போட மறந்து நின்றேன். நாங்கள் மூச்சுவிடுவதற்குள் அது வேலிக்கு மேலால் போய்விட்டது.

"ஹம்மிங்பேர்ட்!" என்றாள் மகள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. நூலகத்தில் எடுத்த பறவைப் புத்தகத்தில் அதன் படம் இருந்தது. ஊரில் செவ்வரத்தம்பூவுக்கு வரும் தேன்சிட்டைப் பார்த்தே வளர்ந்த எனக்கும் சந்தேகம் வரவில்லை. "ஓம்" என்றேன். நான் ஓம் என்ற தைரியத்தில்தான் அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் எழுதினாள்.

அடுத்த கிழமை அவளுடைய கொப்பியைத் திறந்தபோது அந்தப் பந்திக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது. 'இங்கிலாந்தில் இந்தப் பறவை இல்லை. உண்மையில் பார்த்ததை எழுது' என்று ஆசிரியை எழுதியிருந்தார். அதற்குக் கீழே மகளின் கையெழுத்து: 'எங்கள் தோட்டத்துக்கு ஒரு ராபின் குருவி வந்தது. அது வேலியில் இருந்தது.' பக்கத்தில் 'மிக நன்று' என்று போட்டு, சிவப்பில் ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தார்.

"ராபின் எப்ப வந்தது?" என்று கேட்டேன்.

"வரேல்லை."

"பிறகேன் எழுதினனீ?"

"மிஸ்ஸுக்கு அதுதான் விருப்பம்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. சோறு போடப் போன நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு இருந்துவிட்டேன்.

நாங்கள் இந்த நாட்டுக்கு எண்பதுகளின் கடைசியில் வந்தோம். அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணலில், ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் ஒருநாள் காலையில் நான் கண்டதை ஓர் அதிகாரியிடம் சொன்னேன். நான் நின்ற யன்னலிலிருந்து அதைக் கண்டிருக்க முடியாது என்றார். கண்டதற்குப் பதிலாகக் கேள்விப்பட்டதாக இருக்கலாமோ என்றார். சில மாதங்களில் கடிதம் வந்தது: என் கூற்று நம்பத்தகுந்ததல்ல. மேன்முறையீட்டுக்கு முன்னர் உதவிக்கு வந்த ஒருவர், கொஞ்சம் மாற்றிச் சொன்னால் நம்புவார்கள் என்று அன்பாகத்தான் சொன்னார். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கடைசியில் இருக்கவிட்டார்கள். ஆனால் கதவுத் துவாரத்தால் அரசாங்கத்தின் பழுப்பு நிற உறை விழும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

நான் மறுத்த காரியத்தை என் மகள் ஒன்பது வயதில் செய்து, அதற்கு ஒரு சிரித்த முகமும் வாங்கி வந்திருந்தாள்.

பெற்றோல் ஸ்ரேஷனில் ஷிப்ட் முடித்து வந்த கணவரிடம் கொப்பியைக் காட்டினேன். "ரீச்சரோட கொழுவாதையும். பிறகு பிள்ளைக்குத்தான் கரைச்சல்" என்றார். நானும் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்தான். பிள்ளை பள்ளியால் வர ஐந்து நிமிடம் பிந்தினால் தெருமுனைக்கு ஓடுகிறவள். ஆனால் அன்று பயத்தைவிடப் பெரிதாக ஒன்று எனக்குள் எழும்பி நின்றது. அந்தக் குருவியை மறுபடியும் வரவழைக்கிறேன், அவள் மறுபடியும் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன்.

சீனித்தண்ணி கரைத்து ஜாம் போத்தல் மூடியில் ஊற்றி, பழைய சேலைக் கரையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியைச் சுற்றி மல்லிகைக்குப் பக்கத்தில் கட்டினேன். வந்தவை குளவிகள்தான். சனிக்கிழமை பக்கத்து டூட்டிங்கிலிருந்து வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்கதவில் நின்று சிரித்தார்.

"உமக்கென்ன விசரே? லண்டன்ல குளவிக்கு விருந்து வைக்கிற ஒரே ஆள் நீராத்தான் இருக்கும்."

"குருவிக்கு மச்சாள்."

"குருவி என்ன, வீட்டு நம்பர் கேட்டுக் கதவைத் தட்டுமே?"

மகள் தினமும் பள்ளியால் வந்ததும் பின்படியில் இருந்து வேலியைப் பார்த்தாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, திரும்பாமலே சொன்னாள்:

"அம்மா, அது எப்படி வரும்? நீங்கள்தானே எல்லாப் பூவையும் ஆயிறனீங்கள்."

வேலியைப் பார்த்தேன். இலைதான் இருந்தது. காலையில் குளித்த கையோடு, வண்டு மொய்க்க முன்னம், மலர்ந்த மல்லிகை முழுவதையும் கொடியிலிருந்து ஆய்ந்தெடுத்து சாமிப்படங்களுக்கு வைப்பது என் வழக்கம். தேனீ தொட்ட பூவைச் சாமிக்கு வைக்கக்கூடாது என்று வளர்ந்தவள். விருந்தாளியை மாலையில் கூப்பிட்டுவிட்டு, காலையிலேயே பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். முதல்முறை அது வந்த நாளில் காலையில் எனக்கு இலேசான காய்ச்சல், பூ ஆயவில்லை. அதுவும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து ஒரு பூவையும் தொடவில்லை. விளக்கை மட்டும் ஏற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை மச்சாள் சாமித்தட்டைப் பார்த்துவிட்டு நேராக நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்தார்.

"கடவுளுக்கு வைக்காத பூவைக் குருவிக்கு வைக்கிறீரோ?"

"ஓம் மச்சாள். குருவிக்குத்தான்."

"சாமி கோவிக்கும்."

"கோவிக்கட்டும். என்னட்டக் காரணம் இருக்கு, சொல்லுறன்."

அவருக்கு முன்னால் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. பிள்ளையின் கொப்பியில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அவர் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய், கடையிலிருந்து பிளாஸ்டிக் சுற்றிய கார்னேஷன் பூக்கட்டு ஒன்றோடு திரும்பினார். "உங்கட சண்டைக்குள்ள சாமி சும்மா கிடக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே படங்களுக்கு வைத்தார்.

மூன்று நாள் மழை. நான்காம் நாள் வெயில் எறித்தது. வேலி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அழைப்பில்லாமல், ஒரு சத்தமாக அது வந்தது. இம்முறை மகள் படியிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து ஒரு முழத் தூரத்துக்குப் போய்விட்டாள்.

"அம்மா," என்று கிசுகிசுத்தாள், "இதுக்கு மீசை இருக்கு."

நானும் குனிந்தேன். தலையில் இரண்டு தடித்த உணர்கொம்புகள். அலகு என்று நினைத்தது, பூவை விட்டு வெளியே வந்ததும் நூல்போலச் சுருண்டது. குருவிக்கு மீசை ஏது? அப்படியானால் ஆசிரியை சொன்னது சரி. ஓம் என்று சொல்லி என் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியது நான்.

மகளுக்கு அந்தக் கவலையே இல்லை. "இது வேற ஏதோ! இது வேற ஏதோ!" என்று குதித்தாள். அன்றே நூலகத்துக்கு இழுத்துப் போனாள். பறவை அலுமாரியைத் தாண்டி, பூச்சிகள் அலுமாரியில் அதைக் கண்டுபிடித்தாள். ஹம்மிங்பேர்ட் போலவே பறக்கும் ஒரு அந்துப்பூச்சி. தெற்கே சூடான நாடுகளிலிருந்து கோடையில் கடல் தாண்டி இங்கே வருமாம். அந்தப் படத்தைப் பார்த்தபடி நிற்கையில் எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் பிழை. கண்டது பிழையில்லை.

அவள் அன்றிரவு சாப்பிடமுன் மறுபடி எழுதினாள். பெயரை எழுதவில்லை. மீசை, சுருளும் நூல், புகை போன்ற சிறகு என்று கண்டதை மட்டும் எழுதினாள். கடைசி வரி: 'ராபின் வரவில்லை.'

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு வகுப்புக்குப் போனேன். போகும் வழியெல்லாம் ஆங்கில வசனங்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஆசிரியை இளம்பெண், கெட்டவர் அல்ல. மகள் மறுபடி எழுதியதை வாசித்தார். சிரித்தார்.

"ஆக, ஹம்மிங்பேர்ட் இல்லைத்தானே?"

"இல்லை" என்றேன். "ஆனால் ராபினும் இல்லை. நீங்கள் மிக நன்று போட்டது ராபினுக்கு."

பிள்ளை ஏன் ராபினை எழுதினாள் என்பதுவரை முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் முகம் சிவந்தது. பக்கத்தைப் பின்னால் புரட்டி அந்த ராபினையும் சிரித்த முகத்தையும் பார்த்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கோபித்தால் வருடம் முழுக்கப் பிள்ளைக்குத்தான் கரைச்சல் என்பதும் எனக்குத் தெரியும். நகரவில்லை.

ஆசிரியை சிவப்புப் பேனையை எடுத்து, மகளின் முதல் பந்திக்குக் குறுக்கே இருந்த கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார்: 'நீ கண்டிருக்கிறாய். மன்னிக்கவும்.' பிறகு அவளைப் பார்த்து, "மீசை எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

மகள் இரண்டு விரல்களை நெற்றியில் வைத்துக் காட்டினாள். பிறகு கொப்பியில் விரலை ஊன்றி, வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னாள்:

"அந்தச் சிரிச்ச முகத்தையும் கோடு போட்டு வெட்டிவிடுங்கோ, மிஸ்."

தமிழில்தான் சொன்னாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன்.